திரும்பும் பாதி: பழைய ரோயிங் இயந்திரத்தோடு 24 வாரங்கள்

கைப்பிடியை விட்டதும் சங்கிலி உள்ளே போகவில்லை. பாதி தூரம் போய், தொய்ந்து, தண்டவாளத்தின் மேல் படுத்துக்கொண்டது. விற்பவர் பக்கத்தில் நின்றிருந்தார். "சும்மா கிடந்ததால் அப்படி இருக்கிறது சார், ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும்" என்றார். மூடப்போகும் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தின் பின்னறை. நவம்பர் மழை. சுவரெல்லாம் ஓதம் ஏறியிருந்தது. ஓட்ட ஓட்டச் சரியாகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் கையால் சரிசெய்யக்கூடிய கோளாறு அது என்பதும் தெரிந்தது. 58,000 ரூபாய்க்குப் பேசி முடித்து, இரண்டு துண்டாகக் கழற்றி, குட்டி யானை வண்டியில் ஏற்றித் திருவான்மியூருக்குக் கொண்டுவந்தேன். அது கான்செப்ட்2 மாடல் டி: தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும் இருக்கையில் உட்கார்ந்து, படகுத் துடுப்பு வலிப்பதுபோல் கைப்பிடியை இழுக்கும் ரோயிங் இயந்திரம். முழு நீளம் எட்டடி. எடை 26 கிலோ. நடுவில் ஒரு பூட்டை விடுவித்தால் கருவி எதுவும் இல்லாமலே இரண்டாகப் பிரியும். இரண்டாவது மாடிக்கு நானும் மகளும் மட்டுமே தூக்கிவிட்டோம்.

எனக்கு வயது 47. நாள் முழுதும் நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் வேலை. ஓடிப் பார்த்தேன், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. துடுப்பு வலிப்பதன் மேல் ஆசை மட்டும் சிறுவயதிலிருந்தே உண்டு. அடையாற்றங்கரையில், 1867இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் போட் கிளப் இருக்கிறது. பள்ளிக்குப் போகும் வழியில், ஒல்லியான படகுகள் நீரைக் கீறிக்கொண்டு போவதைப் பாலத்தின் மேல் நின்று பார்த்திருக்கிறேன். அப்போது என் கண்ணில் பட்டதெல்லாம் அவர்கள் இழுக்கும் இழுப்பு மட்டும்தான். அடுத்த இழுப்புக்கு அவர்கள் எப்படித் திரும்பி வந்தார்கள் என்பதைக் கவனித்ததே இல்லை. இந்தப் பதிவு பெரும்பாலும் அந்தத் திரும்பி வருதலைப் பற்றியது.

சங்கிலியும் கயிறும்

இந்த இயந்திரத்தின் அமைப்பு மிக எளிமையானது. கைப்பிடியை இழுத்தால் சங்கிலி ஒரு பல்சக்கரத்தைச் சுற்றி முன்பக்கத்தில் இருக்கும் விசிறியைச் சுழற்றும். காற்றைத் தள்ளுவதுதான் நமக்கு எதிர்ப்பு. கையை முன்னால் விடும்போது பல்சக்கரம் விசிறியிலிருந்து விடுபட்டுவிடும்; சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் பின்சக்கரம் தன்போக்கில் சுழல்கிறதே, அதேபோல. ஒற்றுமைக்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் டிரைசிகேக்கர் சகோதரர்கள் 1981இல் கொண்டுவந்த முதல் மாடலில் விசிறியாக இருந்தது ஒரு சைக்கிள் சக்கரம்தான். அதில் தகடுகளைப் பொருத்தியிருந்தார்கள்.

இழுத்த சங்கிலியைத் திரும்ப உள்ளே வாங்குவது மோட்டாரோ ஸ்பிரிங்கோ கிடையாது. சங்கிலியின் மறுமுனை ஓர் எலாஸ்டிக் கயிற்றோடு இணைந்திருக்கிறது. அந்தக் கயிறு அடிச்சட்டத்துக்குள் கப்பிகளில் முன்னும் பின்னும் மடங்கிப் போகிறது. அது தளர்ந்தால் சங்கிலி தொய்யும். தொய்ந்த சங்கிலியோடு இழுத்தால், இழுப்பின் தொடக்கத்தில் ஒரு வெற்றிடம் வந்து, பிறகு "டக்" என்று பிடிக்கும். அந்த "டக்" நேராக இடுப்பில் போய் விழும்.

இயந்திரத்தைப் பழைய போர்வையின் மேல் பக்கவாட்டில் சாய்த்துக் கயிற்றின் முனையைத் தேடினேன். முடிச்சுப் போட்டு ஒரு கொக்கியில் மாட்டியிருந்தது. கயிற்றின் மேலுறை சில இடங்களில் பொசுபொசுவென்று நைந்திருந்தாலும் உள்ளே ரப்பர் இழைகள் அறுந்திருக்கவில்லை. முடிச்சை அவிழ்ப்பதற்கு முன்னால் மகளைக் கயிற்றைக் குறடால் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். முனை உள்ளே ஓடிவிட்டால் எல்லாக் கப்பியையும் பிரிக்க வேண்டியிருக்கும். பழைய முடிச்சிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளிப் புதிய முடிச்சுப் போட்டேன். கைப்பிடியை விட்டுப் பார்த்தேன். முக்கால் தூரம் போனது. மீண்டும் அவிழ்த்து இன்னும் ஒரு விரற்கடை. இந்த முறை கைப்பிடி தானாகவே விசிறிக் கூடு வரை போய் மெல்லத் தொட்டு நின்றது. அதற்கு மேல் இறுக்கக்கூடாது. அளவுக்கு மீறி இறுக்கினால் கயிறு சீக்கிரம் சாகும்; ஒவ்வொரு முறையும் தோளை முன்னால் பிடித்து இழுக்கவும் செய்யும்.

சங்கிலிதான் நேரம் பிடித்தது. உப்புக்காற்றிலும் மழை ஈரத்திலும் கவனிப்பாரில்லாமல் கிடந்த எஃகு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. வெளியே இழுத்துக் கட்டிவைத்துக்கொண்டு, வெள்ளைப் பனியன் துணியால் ஒரு தடவை துடைத்ததும் துணி காவி நிறமாக மாறியது. மூன்று துணிகள் போயின. இரண்டு கண்ணிகள் மட்டும் மடங்க மறுத்தன; விரலால் வளைத்தால் வளைந்த இடத்திலேயே நின்றன. மெக்கானிக் கடையில் இருசக்கர வண்டிக்கு ஊற்றும் இன்ஜின் ஆயில் கொஞ்சம் வாங்கிவந்து, அந்த இரண்டு கண்ணிகளுக்கும் சொட்டு விட்டு, இரவு முழுதும் ஊறவிட்டேன். காலையில் இருபுறமும் பிடித்து அசைக்க அசைக்க இளகிவிட்டன. பிறகு ஒரு தேக்கரண்டி எண்ணெயைத் துணியில் நனைத்து முழுச் சங்கிலியையும் அதற்குள் உருவினேன். மிச்ச எண்ணெயை உலர்ந்த துணியால் எடுத்துவிட்டேன். துருவுக்கென்று கடையில் விற்கும் ஸ்பிரேயை இங்கே பயன்படுத்த வேண்டாம். அது இருக்கிற எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய்விடும்.

வலித்த தூரத்தையும் வேகத்தையும் கணக்கிட்டுக் காட்டும் திரைக்கு இரண்டு செல் போதும். டார்ச் லைட்டுக்குப் போடும் பெரிய செல். பழைய செல்கள் கசிந்து, பெட்டிக்குள் வெள்ளையாகப் பூத்திருந்தது. எலுமிச்சைச் சாறில் நனைத்த பஞ்சால் துடைத்து, காயவிட்டு, புதுச் செல் போட்டதும் திரை உயிர்பெற்றது. வேறு மின்சாரம் எதுவும் இந்த இயந்திரத்துக்கு வேண்டாம். மின்வெட்டு நேரத்திலும் பயிற்சி நிற்காது என்பது எங்கள் தெருவில் சிறிய விஷயமில்லை.

விசிறிக் கூடு

திரையில் "டிராக் ஃபேக்டர்" என்று ஓர் எண் பார்க்கலாம். பட்டியலுக்குள் போய்த் தேடி எடுக்க வேண்டும். பலர் பார்ப்பதே இல்லை. விசிறியின் பக்கத்தில் 1 முதல் 10 வரை நகரும் நெம்புகோல் ஒன்று உண்டு. அதற்கு டேம்பர் என்று பெயர். விசிறிக் கூட்டுக்குள் எவ்வளவு காற்று போக வேண்டும் என்பதை அது முடிவுசெய்கிறது. டேம்பர் வெறும் கதவு. உண்மையில் எவ்வளவு காற்று போகிறது என்பதைச் சொல்வது டிராக் ஃபேக்டர்.

அதை 10இல் வைத்து இழுத்துப் பார்த்தேன். 128 காட்டியது. நல்ல நிலையில் இருக்கும் இயந்திரம் 10இல் 200ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். கூட்டின் திருகுகளைக் கழற்றி மூடியை எடுத்தபோது காரணம் தெரிந்தது. உள்ளே விசிறியைச் சுற்றி ஓட்டைகள் போட்ட தகடு ஒன்று இருக்கிறது. அந்த ஓட்டைகளின் மேல் தூசு கம்பளம்போல் படிந்திருந்தது. ஒரு முனையைப் பிடித்து இழுத்ததும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரே படலமாக உரிந்து வந்தது. தலைமுடி, துண்டின் நூல், சுண்ணாம்புத் தூள், எல்லாம் சேர்ந்து நெய்தது போல. தூசு உறிஞ்சும் கருவியை எதிர்வீட்டில் கடன் வாங்கி ஒரு மணி நேரம் சுத்தம் செய்தேன். மூடியைப் பொருத்தி மீண்டும் 10இல் இழுத்தேன்: 196.

இந்த எண்ணை இயந்திரம் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. புரிந்தபோது எழுந்து நின்றுவிட்டேன். நாம் இழுக்கும்போது அது அளப்பதில்லை. இழுத்து முடித்து முன்னால் திரும்பும்போது, நம் விசை எதுவும் இல்லாமல் விசிறி தன்போக்கில் வேகம் குறைகிறதே, அந்த வேகக் குறைவை அளக்கிறது. எவ்வளவு விரைவாகக் குறைகிறதோ அவ்வளவு காற்று உள்ளே இருக்கிறது என்று பொருள். ஒவ்வோர் இழுப்புக்கும் புதிதாக அளந்து, அதைக் கொண்டுதான் அடுத்த இழுப்பின் ஆற்றலைக் கணக்கிடுகிறது. அதனால்தான் டேம்பரை 3இல் வைத்தாலும் 10இல் வைத்தாலும், தூசு அடைத்திருந்தாலும், திரை காட்டும் வேகம் ஒரே தராசில் நிறுத்ததுபோல் நேர்மையாக இருக்கிறது. தன்னைத் தானே சரிபார்க்கும் வேலை முழுவதையும் அது திரும்பும் பாதியில்தான் செய்கிறது.

பருவநிலையும் அதில் தெரியும். ஜனவரி விடியலில் 120 காட்டிய அதே டேம்பர் நிலை, ஏப்ரல் கடைசியில் 117 காட்டியது. வெயில் காலத்துக் காற்று கொஞ்சம் லேசானது. விசிறிக்கு அது தெரிகிறது.

தண்டவாளத்தைத் துடைத்து, இருக்கையின் உருளைகளில் ஒட்டியிருந்த கறுப்பு அழுக்கை நகத்தால் சுரண்டி எடுத்தேன். மூன்று உருளைகள் சுத்தமாகிவிட்டன. நான்காவதில் ஒரு சிறு தட்டை இருக்கிறது. ஒவ்வொரு நகர்விலும் மெல்லிய "தட்" என்ற ஒலி. அதை அப்படியே விட்டேன். கீழ்வீட்டு மாமிக்குச் சத்தம் கேட்கக்கூடாதென்று இரண்டடுக்கு ரப்பர் விரிப்பைப் போட்டேன்.

முதல் 2000, பிறகு இடுப்பு

படகுப் போட்டியின் தூரம் 2000 மீட்டர். இயந்திரத்திலும் அதுதான் எல்லோரும் தம்மை நிறுத்துப் பார்க்கும் தூரம். முதல் வாரமே ஆசைப்பட்டு இறங்கினேன். டேம்பர் 10. அதிகம் என்றால் நல்ல பயிற்சி என்று நினைத்தேன். முதல் 500 மீட்டர் 2 நிமிடம் 5 விநாடி. அடுத்தது 2:19. மூன்றாவது 2:34. அந்த மூன்றாவது ஐந்நூறில் வாயில் இரும்பு ருசித்தது. கைப்பிடியை விட்டுவிடலாமா என்று ஒவ்வோர் இழுப்பிலும் தோன்றியது. கடைசி 2:26. மொத்தம் 9 நிமிடம் 24 விநாடி. சராசரி ஆற்றல் 125 வாட். 2018இல் ஆஸ்திரேலியாவின் ஜோஷ் டங்க்லி-ஸ்மித் இதே தூரத்தை 5 நிமிடம் 35.8 விநாடியில் முடித்தார். கணக்குப் போட்டால் சராசரி சுமார் 590 வாட். ஒரே இருக்கை, ஒரே சங்கிலி. மனித உடலால் என்ன முடியும் என்று நினைத்து வியந்துகொண்டே தரையில் படுத்துக் கிடந்தேன்.

இந்த வாட் கணக்கைப் புதிதாகத் தொடங்குபவர்கள் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. காற்றுக்கு எதிராகத் தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் முப்படியாக ஏறுகிறது. 500 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடியில் கடக்க 104 வாட் போதும். 2 நிமிடத்தில் கடக்க 202 வாட் வேண்டும். நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைக்க, ஆற்றலை இரண்டு மடங்காக்க வேண்டியிருக்கிறது. முதல் ஐந்நூறில் ஆவேசமாகச் செலவழித்தால் மூன்றாவதில் வட்டியோடு கட்ட வேண்டியிருப்பது இதனால்தான்.

நான்காவது வாரம் இடுப்பு பிடித்துக்கொண்டது. 5000 மீட்டரின் நடுவில், ஓர் இழுப்பின் தொடக்கத்தில், இடதுபக்கம் கீழ்முதுகில் யாரோ விரலை வைத்து அழுத்தியதுபோல் ஒரு வலி. முடித்துவிடலாம் என்று தொடர்ந்தேன்; அது தவறு. அன்று மாலை செருப்பு மாட்டக் குனிய முடியவில்லை. 12 நாள் இயந்திரத்தைத் தொடவில்லை.

பிசியோதெரபி பார்க்கும் அம்மையார் ஒருவரிடம் போனேன். நான் எப்படி இழுக்கிறேன் என்று நாற்காலியில் உட்கார்ந்து காட்டச் சொன்னார். காட்டினேன். எழுந்து போய் ஒரு துடைப்பக் கம்பை எடுத்துவந்தார். "இதை முதுகோடு சேர்த்துப் பிடியுங்கள். தலை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றிலும் கம்பு படவேண்டும். இப்போது குனியுங்கள்" என்றார். குனிந்ததும் கம்பு வால் எலும்பைவிட்டு விலகியது. "பார்த்தீர்களா? நீங்கள் முதுகை வளைக்கிறீர்கள். இடுப்பு மூட்டில் மடங்க வேண்டும். கதவு கீலில் திரும்புவதுபோல." ஒரு வாரம் அந்தக் கம்போடுதான் வீட்டில் குனிந்தேன். முதுகு வளையாமல் தொடை மூட்டில் மடங்கினால் முன்னால் எட்டும் தூரம் கொஞ்சம் குறைகிறது. குறையட்டும். அந்தக் கடைசி இரண்டு அங்குலத்துக்காகத்தான் இடுப்பு விலை கொடுத்தது.

டேம்பரையும் அப்போதுதான் கீழே இறக்கினேன். எதிர்ப்பு அதிகமாக இருந்தால் நாம் திரும்பி வருவதற்குள் விசிறி பெரும்பாலும் ஓய்ந்துவிடுகிறது. ஒவ்வோர் இழுப்பிலும் நின்றுபோன மாட்டு வண்டியைப் புதிதாகக் கிளப்புவதுபோல் இடுப்பு பாடுபடுகிறது. 120 அளவில் வைத்தால் விசிறி நம்மைவிட்டு ஓடிக்கொண்டே இருக்கும். அதை எட்டிப் பிடிக்கக் கால் சுறுசுறுப்பாக இருக்கவேண்டும். என் இயந்திரத்தில் அது டேம்பர் 4க்கும் 5க்கும் நடுவில் வருகிறது. வேறு இயந்திரத்தில் வேறு இடத்தில் வரும். டேம்பரை நம்பாமல் எண்ணைப் பார்த்து வைக்க வேண்டும்.

"சங்கிலி வரவே இல்லை"

ஏழாவது வாரம் மகள் செல்பேசியைத் தண்டவாளத்துக்குப் பக்கவாட்டில், இருக்கையின் உயரத்தில் பிடித்து ஒரு நிமிடம் படமெடுத்தாள். மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தோம். அவளுக்குத் துடுப்பு வலிப்பது பற்றி ஒன்றும் தெரியாது. அதனால்தானோ என்னவோ, முதல் பார்வையிலேயே சொல்லிவிட்டாள்: "அப்பா, நீங்கள் பின்னால் போகிறீர்கள். ஆனால் சங்கிலி வரவே இல்லை."

மீண்டும் ஓடவிட்டேன். உண்மை. இருக்கை நான்கு அங்குலம் பின்னால் நகர்ந்துவிட்டது. கைப்பிடி அதே இடத்தில் இருக்கிறது. கால் உதைக்கிறது, ஆனால் நடுவில் முதுகு தளர்ந்து மடங்கிக் கொடுப்பதால் அந்த உதை கைப்பிடிக்குப் போய்ச் சேரவில்லை. கால் பாதி நீண்டபிறகு, மிச்சத்தை முதுகு தனியாகத் தூக்குகிறது. உடலின் பெரிய தசைகள் வீணாக, சிறிய தசைகள் சுமக்கின்றன. இடுப்பு பிடித்ததில் ஆச்சரியம் எதுவுமில்லை.

அதற்கான காரணம் இன்னும் சற்று முன்னால் இருந்தது. படத்தைப் பின்னோக்கி நகர்த்தினோம். இழுத்து முடித்ததும் நான் உடனே முழங்காலை மடக்கிவிடுகிறேன். கைப்பிடி இன்னும் வயிற்றருகே இருக்கிறது. முழங்கால் எழுந்து குறுக்கே நிற்பதால் அதன் மேல் கைப்பிடியைத் தூக்கித் தாண்டுகிறேன். முன்னால் வேகமாகச் சரிந்து போய், கடைசி நொடியில் உடம்பைக் குனிந்து எட்டுகிறேன். கால் பலகையில் மோதி, நிதானிக்கக்கூட நேரமில்லாமல் உதைக்கிறேன். உதையின் தொடக்கத்தில் முதுகு தயாராகவே இல்லை. இழுப்பில் தெரிந்த பிழை திரும்பும் பாதியில் பிறந்திருந்தது.

இழுக்கும்போது வரிசை கால், முதுகு, கை. திரும்பும்போது அது தலைகீழ்: முதலில் கை முழுக்க நீளவேண்டும், பிறகு உடம்பு இடுப்பில் முன்சாய வேண்டும், கைப்பிடி முழங்காலைத் தாண்டிய பிறகே முழங்கால் மடங்க வேண்டும். காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். எழுதுவது எளிது. உடம்புக்குச் சொல்லித்தர இரண்டு மாதம் ஆனது.

இரண்டு பயிற்சிகள் உதவின. ஒன்று, நடுவில் நிற்பது. இழுத்து முடித்து, கையை நீட்டி, உடம்பை முன்சாய்த்து, முழங்கால் இன்னும் நேராக இருக்கும் நிலையில் ஒரு நொடி அப்படியே நிற்க வேண்டும். விசிறியின் "ஊ..." என்ற ஒலி தாழ்ந்து தாழ்ந்து போவதைக் கேட்டுக்கொண்டு நிற்பேன். பிறகு மெல்ல முன்னால் போவேன். தினமும் முதல் ஐந்து நிமிடம் இதுதான். மற்றொன்று, காலைப் பட்டையில் மாட்டாமல் வலிப்பது. பட்டை இல்லையென்றால், இழுப்பின் முடிவில் அளவுக்கு மீறிப் பின்னால் சாய்ந்தாலோ, காலால் தன்னை இழுத்துக்கொண்டு திரும்ப முயன்றாலோ பாதம் பலகையைவிட்டு உடனே எழும்பிவிடும். ஆசிரியர் பக்கத்தில் நிற்பதுபோல. முதல் நாள் பத்தில் ஏழு முறை பாதம் எழும்பியது. மூன்று வாரம் கழித்து 2000 மீட்டர் முழுதும் பட்டையில்லாமல் போக முடிந்தது.

பட்டை மாட்டும்போதும் ஓர் இடம் உண்டு: கால்விரல்கள் மடங்கும் கோட்டின் மேல் பட்டை வரவேண்டும். கால் பலகையின் உயரத்தை, முழுக்க முன்னால் வந்திருக்கும்போது முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு செங்குத்தாக நிற்கும்படி வைக்க வேண்டும். நான் இரண்டு ஓட்டை கீழே இறக்கியதும் முதுகு வளையாமல் முன்னால் வருவது எளிதாகிவிட்டது. இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

நிமிடத்துக்கு 20

முதல் வாரங்களில் நிமிடத்துக்கு 32 முறை இழுத்துக்கொண்டிருந்தேன். 500 மீட்டர் நேரம் 2:34. கணக்காளன் என்பதால் கணக்குப் பார்த்தேன்: ஓர் இழுப்புக்கு ஆறு மீட்டர்தான் நகர்ந்திருக்கிறேன். முன்னும் பின்னும் ஓடிய ஓட்டத்திலேயே மூச்சு போயிருக்கிறது. எட்டாவது வாரம் முதல் நிமிடத்துக்கு 20க்கு மேல் போவதில்லை என்று முடிவெடுத்தேன். 20 என்றால் ஓர் இழுப்புக்கு மூன்று நொடி. அதில் இழுக்க ஒரு நொடி. திரும்ப இரண்டு நொடி. மனத்துக்குள் "ஒன்று" என்று உதைத்து, "இரண்டு, மூன்று" என்று திரும்புவேன்.

தொடக்கத்தில் அது பொறுக்க முடியாத மெதுவாகத் தோன்றியது. வேகமும் விழுந்தது: 2:41. ஆனால் இதயத் துடிப்பும் 160களிலிருந்து 130களுக்கு இறங்கியது. பேசிக்கொண்டே வலிக்க முடிந்தது. இப்படி வலிக்கத் தொடங்கிய மூன்றாவது வாரத்திலிருந்து எண் தானாக நகரத் தொடங்கியது. 2:36, 2:33, 2:30. பதினாறாவது வாரம் 30 நிமிடம் நிமிடத்துக்கு 20 என்ற கணக்கில் போய் 2:24 சராசரி வந்தது. ஓர் இழுப்புக்கு பத்தரை மீட்டர் நெருக்கம். முதல் வாரத்தைவிட ஒவ்வோர் இழுப்பிலும் இரண்டு மடங்கு வேலை நடந்திருக்கிறது.

வாரத்துக்கு நான்கு நாள். திங்கள் 5000, சனி 8000 முதல் 10,000 வரை, இரண்டும் மெதுவாக. வெள்ளி 30 நிமிடம். புதன் மட்டும் கடினம்: ஆறு முறை 500 மீட்டர், இடையில் இரண்டு நிமிட ஓய்வு, அல்லது நான்கு முறை 1000. புதனைத் தவிர வேறு நாளில் வேகமாகப் போகக்கூடாது என்ற கட்டுப்பாட்டைக் காப்பாற்றுவதுதான் கடினமாக இருந்தது. நன்றாகத் தூங்கி எழுந்த திங்கட்கிழமைகளில் கால் துறுதுறுக்கும். அப்படி இரண்டு திங்கள் விட்டுக்கொடுத்தேன். இரண்டு முறையும் புதன்கிழமை நான்காவது ஐந்நூறில் உடைந்துபோனேன்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இயந்திரத்தின் விசிறி காற்றை வீசினாலும் அது நம் முகத்துக்குப் போதாது. மார்ச் முதல் காலை ஐந்து மணிக்கே தொடங்கினேன். ஜன்னல் இரண்டும் திறந்து, மின்விசிறி ஒன்றைப் பக்கவாட்டில் வைத்தேன். அப்படியும் அதே வேகத்துக்கு ஜனவரியைவிட இதயத் துடிப்பு எட்டு, பத்து கூடுதலாக இருந்தது. அந்த நாட்களில் வேகத்தை விட்டுவிட்டுத் துடிப்பைப் பார்த்து வலித்தேன். முடித்ததும் உப்புப் போட்ட நீர்மோர் இரண்டு டம்ளர். வியர்வை தண்டவாளத்தில் சொட்டி உருளைக்கடியில் போகும். அது காய்ந்தால் உப்பு. ஒவ்வொரு நாளும் எழுந்ததும் முதல் வேலை தண்டவாளத்தையும் சங்கிலியின் வெளியே தெரியும் பகுதியையும் துடைப்பதுதான். மகள் அந்தத் துணிக்கென்று ஓர் ஆணி அடித்துக்கொடுத்தாள்.

கைக் கொப்புளம் முதல் மாதத்தோடு போனது. கைப்பிடியை உள்ளங்கையால் இறுக்கிப் பிடிக்காமல் விரல்களைக் கொக்கியாக மாட்டினால் அது வராது.

இரண்டாவது 2000

ஏப்ரல் கடைசி ஞாயிறு. முந்தைய இரண்டு நாளும் ஓய்வு. டிராக் ஃபேக்டர் 117 வந்தது. டேம்பரை ஒரு மயிரிழை ஏற்றி 120 ஆக்கினேன். 15 நிமிடம் உடம்பைச் சூடாக்கினேன். திட்டம் ஒரே வரி: முதல் ஐந்நூறில் 2:04க்கு வேகமாகப் போகக்கூடாது.

தொடங்கி ஏழெட்டு இழுப்பில் திரை 1:54 காட்டியது. கால் புத்துணர்ச்சியோடு இருந்தது. அப்படியே போகலாம்போல் இருந்தது. மூன்றாவது வாரத்து உடம்பாக இருந்திருந்தால் போயிருப்பேன். திரும்பி வரும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டினேன். 2:00. 2:03. 2:04. அங்கே நிறுத்திப் பிடித்தேன். முதல் ஐந்நூறு 2:04. மூச்சு ஆழமாக இருந்தது, சிதறவில்லை. இரண்டாவதும் 2:04.

மூன்றாவதுதான் உண்மையான இடம். 900 மீட்டர் மீதி இருக்கும்போது தொடை எரியத் தொடங்கியது. முன்னால் போகும்போது அவசரப்படத் தோன்றியது. அவசரப்பட்டால் நிமிடத்துக்கு 30 ஆகிறது, வேகம் கூடவில்லை, இது முன்பே தெரிந்த பாடம். உருளையின் "தட்" ஒலி உதவியது. அந்த ஒலி ஒரே சீராக வருகிறதா என்று மட்டும் கேட்டேன். கை நீள்கிறது, உடம்பு சாய்கிறது, தட், உதை. நிமிடத்துக்கு 27 இழுப்பில் நின்றது. மூன்றாவது ஐந்நூறு 2:03.

கடைசி 300 மீட்டரில் மகள் அறை வாசலில் வந்து நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. கடைசி ஐந்நூறு 2:01. மொத்தம் 8 நிமிடம் 12 விநாடி. 188 வாட். முதல் தடவையைவிட ஒரு நிமிடம் 12 விநாடி குறைவு. என் வயதில் இதைவிட மிக வேகமாக வலிப்பவர்கள் ஏராளம். எனக்கு இந்த எண் பிடித்திருக்கிறது. நான்கு ஐந்நூறுகளையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிவைத்திருக்கிறேன், ஒன்றுகூட முந்தையதைவிட மெதுவாக இல்லை.

அன்று மாலை, சங்கிலிக்கு எண்ணெய் போடுவதற்கான 50 மணி நேரக் கணக்கும் முடிந்திருந்தது. சங்கிலிக்கு மீண்டும் எண்ணெய் போட்டேன். வெள்ளைத் துணி இந்த முறை வெறும் சாம்பல் நிறம்தான் ஆனது. கைப்பிடியை விட்டுப் பார்த்தேன்: கூட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டது. கயிறு கொஞ்சம் நீண்டிருக்கிறது. இன்னும் ஒரு முடிச்சுக்கு இடமிருக்கிறது. அதன்பிறகு புதுக் கயிறுதான். நான்காவது உருளைக்கும் மாற்று வாங்க வேண்டும் என்று மகள் பட்டியலில் எழுதியிருக்கிறாள். அந்தப் பட்டியலில் உருளையை மட்டும் கோடு போட்டு அடித்துவிட்டேன்.